பிளஷர் வண்டி

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குப் பதினாறு வயது. சமீபத்தில் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது மெக்கானிக் பையன் பானெட்டைத் திறந்தான், பார்த்தான், மூடினான். பிறகு என்னைப் பார்த்தான். டாக்டர்கள் நோயாளியின் உறவினரைத் தனியே அழைத்துப் பேசுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "மாத்திருங்கய்யா" என்றான்.

சரி என்று கடைக்குப் போனேன். நான் கேட்ட வண்டி வர நான்கு மாதம் ஆகும் என்றார்கள். அதற்குள் விலை ஏறிவிட்டால்? "வண்டி எடுக்கற அன்னிக்கு என்ன விலையோ, அதுதாங்கய்யா" என்று அங்கிருந்த பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இதே வார்த்தைகளை அறுபது வருஷத்துக்கு முன்னால், அரை டிராயர் போட்ட பையனாக என் மாமாவின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் கேட்டிருக்கிறேன். அன்று சொன்னவர் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

நான்கு மாதம் என்றதும் என் மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தக் காலத்தில் இப்படியும் காக்க வைப்பார்களா?" என்கிறான். அந்தக் காலத்தில் எப்படிக் காக்க வைத்தார்கள் என்பதை அவனுக்குச் சொல்ல உட்கார்ந்தேன். சொல்லிக்கொண்டே போனதில், காரைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

மாமா சிங்காநல்லூரில் வைத்தியம் பார்த்துவந்தார். அப்போது சிங்காநல்லூர் கோவை நகரத்தோடு சேரவில்லை. அது 1981-ல் நடந்த காரியம். திருச்சி ரோட்டின் மேல் பாதி ஊரும் பாதி மில்லுமாக இருந்தது. காலைச் சங்கு ஊதினால் ஊர் எழுந்துகொள்ளும். தெற்கே குளம், அதற்கும் அப்பால் நொய்யல் ஆறு. சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்த ஊர் ஆகையால், சினிமாக்காரர்களுடைய பெரிய பெரிய கார்கள் அந்த ரோட்டில் போய்வந்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஸ்டூடியோவில் எடுத்த 'ராஜகுமாரி' 1947-ல் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம் அது.

மாமாவிடம் இருந்தது ஆஸ்டின் ஏ-40. 1949-ல் வாங்கியது. பச்சையா சாம்பலா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒரு நிறம். சுற்று வட்டாரத்துத் தோட்டக்காரர்கள் அதைக் கார் என்று சொல்லமாட்டார்கள். "டாக்டரோட பிளஷர்" என்பார்கள். பஸ்ஸும் லாரியும் பிழைப்புக்கு ஓடுகிறவை. சொந்தக் கார் இன்பத்துக்கு ஓடுவது. வெள்ளைக்காரன் வைத்த 'பிளஷர் கார்' என்ற பெயரில் பாதி நம் கிராமங்களில் ஒட்டிக்கொண்டது. மாமாவின் வண்டியில் இன்பம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. பின் ஸீட்டில் எப்போதும் டிங்சர் வாடை அடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுகிறவர்களுக்காக அதை எப்போதும் வாசலைப் பார்த்து நிறுத்தி வைத்திருப்பார். ஆனால் அந்தப் பெயரைக் கிராமத்தார் மட்டுமல்ல, டில்லியில் இருந்தவர்களும் அப்படியே நம்பினார்கள். அங்கேதான் கதை ஆரம்பமாகிறது.

யுத்தத்துக்கு முன்னால் நம் நாட்டில் கார் வாங்குவதற்குப் பணம் ஒன்று போதும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-லேயே பம்பாயில் பாகங்களை வரவழைத்து வண்டி பூட்ட ஆரம்பித்துவிட்டது. ஃபோர்டு கம்பெனிக்குச் சென்னையிலேயே அப்படி ஒரு சாலை இருந்தது. சுதந்திரம் வந்த பிறகு, நம் வண்டியை நாமே செய்ய வேண்டும் என்று சர்க்கார் நினைத்தது. நியாயமான ஆசைதான். 1949-ல் முழு வண்டியாக இறக்குமதி செய்வதைத் தடுத்தார்கள். 1953-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: இங்கேயே படிப்படியாக எல்லாப் பாகங்களையும் செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் போகலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின.

மிஞ்சியவர்களில் கார் செய்தவர்கள் முக்கியமாக மூன்று பேர். கல்கத்தா அருகே உத்தரபாராவில் பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். அவர்கள் 1957-லிருந்து அம்பாஸடர் செய்தார்கள். பம்பாயில் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், அவர்களுடையது ஃபியட். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ்; 1961 முதல் ஹெரால்டு வந்தது. நாற்பது கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள தேசத்துக்கு மூன்று கார். தேர்ந்தெடுக்கும் சிரமம் இல்லை. கிடைக்கும் சிரமம்தான்.

ஏன் கிடைக்கவில்லை? இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 1956-ல் தொடங்கியதும் இரும்பாலைக்கும் அணைக்கும் மின்சார யந்திரங்களுக்கும் அந்நியச் செலாவணி தண்ணீராய்ச் செலவாயிற்று. இரண்டே வருஷத்தில் கஜானா வற்றியது. காரில் பல பாகங்கள் இன்னும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை. யாருக்கு முதலில் டாலர் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தால், பிளஷர் வண்டிக்குக் கடைசி இடம்தானே? எந்தத் தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். பாகங்களை வரவழைக்க இன்னொரு லைசென்ஸ். எழுபதுகளில்கூட இந்தத் தேசம் முழுவதற்கும் வருஷத்துக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் கார்கள்தான் வெளிவந்தன.

சாமான் குறைவு, கேட்பவர் அதிகம் என்றால் விலை ஏறும். ஏறக்கூடாது என்று நினைத்தால் வரிசை நீளும். 1959-ல் கார் விநியோகத்துக்கென்றே ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. கார் வேண்டுமென்கிறவர் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய் கட்டிப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பெயர் வரிசைப்படிதான் வண்டி. வாங்கிய வண்டியை இரண்டு வருஷத்துக்கு விற்கக்கூடாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்ட மாதிரி தெளிவான விதிகள்.

மாமா ஃபியட்டுக்குப் பதிந்துகொண்டது 1962-ல். அன்றுதான் நான் அரை டிராயரோடு கூடப் போனேன். கடையில் ஒரு காரும் இல்லை. ஒரு மேஜையும் பெரிய பேரேடும் இருந்தன. மாமா விலையைக் கேட்டார். எடுக்கிற அன்றைக்கு உள்ள விலை என்று பதில் வந்தது. "எப்ப எடுக்கலாம்?" என்று கேட்டார். மேஜைக்காரர் பேரேட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார், முன்பக்கமாகப் புரட்டினார். கடைசியில், "பையன் என்ன படிக்கறான்?" என்றார். "ஆறாவது." "காலேஜுக்குப் போறப்போ அதுலயே போகலாமுங்க."

மாமா இதைத் தமாஷ் என்று எண்ணி வாய்விட்டுச் சிரித்தார்.

புதுக் கார் வராத தேசத்தில் பழைய கார் பழையது ஆவதில்லை. அதற்கு வயது மட்டும்தான் ஏறும். இந்த வித்தையில் கோயம்புத்தூரை மிஞ்சிய ஊர் உண்டா என்பது சந்தேகம். 1932-ல் பைகாரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, மில்லுக்கு உருளையும் பல்சக்கரமும் செய்ய வார்ப்படப் பட்டறைகளும் லேத்துப் பட்டறைகளும் பெருகின. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்ட ஆரம்பித்த ஜி.டி. நாயுடு பெரிய பஸ் கம்பெனியை உண்டாக்கினார். கூடவே, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையையும் உண்டாக்கினார். 1945-ல் அவருடைய முயற்சியில் தொழிற்கல்லூரி வந்தது. அதற்கு அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரை வைத்தார்கள். அவினாசி ரோட்டில் இன்றும் பஸ் கண்டக்டர்கள் "ஹோப்ஸ்! ஹோப்ஸ்!" என்று கூவுவது அந்தப் பெயரைத்தான். நாயுடு இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சின்னக் கார் செய்ய நினைத்தார், சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை என்று கோவையில் பெருமூச்சோடு சொல்லாதவர் இல்லை.

எங்கள் ஆஸ்டினுக்கு வைத்தியம் பார்த்தவர் ஒரு மேஸ்திரி. படிப்பு அதிகம் கிடையாது. இங்கிலாந்தில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். இங்கே சாமான் இறக்குமதியும் நின்றுவிட்டது. "கம்பெனி சாமானம் கெடைக்காதுங்க டாக்டருங்களே. நானே கடைஞ்சு போட்டுக் குடுக்கறனுங்க. எத்தன நாளைக்குத் தாங்கும்னு மட்டும் கேக்கப்படாதுங்க" என்பார். மாமாவும் தம்முடைய நோயாளிகளிடம் ஏறக்குறைய அப்படித்தான் பேசுவார் ஆகையால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

வருஷங்கள் போயின. 1964-ல் ஃபியட்டின் புதிய மாடல் வந்தது. மாமாவின் பெயர் வரவில்லை. விலை மட்டும் தவறாமல் ஏறிவந்தது. அவர் சேர்த்து வைத்த தொகையை விலை ஒவ்வொரு முறையும் ஒரு முழம் தாண்டி நிற்கும். மானைத் துரத்திக்கொண்டு போன ராமனைப் போல ஆகிவிட்டது அவர் நிலைமை.

இதற்கிடையே விசித்திரமான செய்திகள் காதில் விழும். இரண்டு வருஷம் ஓட்டிய ஃபியட் ஒன்று, புது ஃபியட்டின் விலையைவிட அதிகத்துக்குக் கைமாறியதாம். உலகத்தில் எந்தச் சாமானாவது தேய்ந்தால் விலை ஏறுமா? அந்தக் காலத்து ஃபியட் ஏறிற்று. ஏன்? அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விற்பவன் காரை மட்டும் விற்கவில்லை. ஐந்தாறு வருஷக் காத்திருப்பையும் சேர்த்து விற்றான். தூதரகக்காரர்களும் வெளிநாட்டு நிபுணர்களும் விட்டுப்போகும் கார்களை அரசாங்க வியாபாரக் கழகம் டெண்டர் கேட்டு விற்கும். அவற்றை வாங்க நட்சத்திரங்கள் போட்டி போடுவார்கள். சர்க்கார் விதித்த விலை ஒன்று. ஊரில் நடந்த விலை வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை யாராவது ஒருவர் எங்கேயாவது கொடுத்துத்தான் தீரவேண்டும். பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் காலமாகக் கொடுத்தார்கள்.

இன்னும் ஒரு வழி இருந்தது. அரசு ஒதுக்கீடு என்று ஒரு பங்கு தனியாக உண்டு. அதற்கு வரிசை குட்டை. மில் சம்பந்தமுள்ள பெரிய மனிதர் ஒருவர் மாமாவிடம் மருந்து வாங்க வருவார், டில்லியில் செல்வாக்குள்ளவர். "ஒரு கடுதாசிதானுங்க டாக்டர். நான் சொல்லிக்கறேன்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். மாமா சம்மதிக்கவில்லை. "எனக்கு முன்னாடி நிக்கறவனும் மனுஷன்தானே?" என்றார். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பதினாறு வயதில் கொள்கைகள் சுலபமாகப் பிடித்துவிடுகின்றன. அவற்றுக்கு நாம் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

1967-ல், மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, வெள்ளலூர்ப் பக்கத்துத் தோட்டத்துச் சாளை ஒன்றிலிருந்து ஒருவர் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். மகளுக்குப் பிரசவ வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். "பிளஷரை எடுத்துட்டு வந்துருங்க சாமி" என்றார். மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். விளக்குப் பிடிக்க என்னையும் ஏற்றிக்கொண்டார். நொய்யலுக்கு இந்தப் புறம் ஆஸ்டின் நின்றுவிட்டது. நான் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். மாமா சுற்றினார். சைக்கிள்காரர் சுற்றினார். பிறகு மாமா சைக்கிளின் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்து போனார். சேற்றில் சைக்கிள் ஓடாத இடங்களில் இறங்கி நடந்தார். நான் விடியும்வரை வண்டிக்குக் காவல் இருந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. தாய் பிழைக்கவில்லை.

கார் ஓடியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? மாமா அப்படியும் சொல்லவில்லை, இப்படியும் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை. காலையில் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் அந்தப் பெரிய மனிதர் வீட்டுக்கு நடந்தே போனார். மூன்றாம் மாதம் ஃபியட் வந்துவிட்டது.

வெண்மை நிறம். ஸ்டீரிங்கின் பக்கத்திலேயே கியர். தெருவே வந்து பார்த்தது. அத்தை எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினாள். மாமா அதை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்த பிரசவங்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஆனால் "நம்ம கார்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "அந்த வண்டி" என்றுதான் சொல்வார். தபாலாபீஸில் கட்டியிருந்த இரண்டாயிரத்தைத் திரும்ப வாங்கி, பேரேட்டில் தம் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு வந்த அன்று, "நமக்குப் பின்னாடி இருக்கறவங்க எல்லாம் ஒரு எடம் முன்னால வந்தாச்சு" என்றார். ஒதுக்கீட்டு வரிசையில் யார் ஓர் இடம் பின்னால் போனார் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வருஷக் கெடு முடிந்ததும் தரகர்கள் வந்தார்கள். கொடுத்த விலைக்கு மேல் நாலாயிரம் தருவதாக ஒருவர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். மாமா அமைதியாகச் சொன்னார்: "வரிசையைத் தாண்டிப் போய் வாங்கினேனுங்க. அதுல லாபம் வேற பாக்கோணுமா?" தரகருக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் இன்னும் அதிகம் எதிர்பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

இதற்குள் டில்லியில் இந்தச் சங்கதி பெரிதாகிவிட்டது. 1969 செப்டம்பரில் சர்க்கார் மூன்று கார்களுக்கும் சட்டப்படி விலை நிர்ணயித்தது. பதினாலாயிரம், பதினைந்தாயிரம் என்ற அளவில். கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 1971 நவம்பரில் தீர்ப்பு வந்தது: போட்ட முதலுக்குப் பதினாறு சதவீத வருவாய் கிடைக்கும்படி விலை இருக்கவேண்டும் என்றது கோர்ட்டு. ஒரு காரின் விலையை நீதிபதிகள் உட்கார்ந்து கணக்குப் போட்ட அதிசயம் இந்த நாட்டில் நடந்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றின. பெட்ரோல் விலையைக் கேட்டதும் பலருக்குக் கார் ஆசையே போயிற்று. 1975-ல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள்.

வரிசை உண்மையில் கலைய ஆரம்பித்தது மாருதி வந்த பிறகுதான். 1983-ல் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் என்று அறிவித்தபோது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கட்டினார்கள். அந்த வருஷம் டிசம்பர் 14-ந் தேதி இந்திரா காந்தியின் கையால் முதல் சாவியை வாங்கிக்கொண்டவர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவர். சிபாரிசினால் அல்ல, குலுக்கலில் அவருக்கு அது கிடைத்தது. அவர் அதற்காகத் தம்முடைய ஃபியட்டை விற்றார் என்று படித்தபோது மாமாவின் ஞாபகம் வந்தது. பிறகு அம்பாஸடரும் ஃபியட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்தன. 2014-ல் கடைசி அம்பாஸடரும் செய்தாயிற்று.

வரிசை நமக்கு மட்டும் வாய்த்த வரம் அல்ல. யுத்தம் முடிந்த இங்கிலாந்தில் புதுக் கார் வாங்குகிறவன், குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கமாட்டேன் என்று கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. கிழக்கு ஜெர்மனியில் டிராபண்ட் என்ற டப்பாக் காருக்குப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அங்கும் பழையதற்குத்தான் விலை அதிகம். நம் பக்கத்திலேயே இலங்கையில், 2020-ல் செலாவணிக் கஷ்டத்தால் வாகன இறக்குமதியை நிறுத்தி, சொந்தக் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். இடையில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பழைய கார்களின் விலை கார் வாங்கியவர்களே நம்ப முடியாதபடி ஏறிற்று. சிங்கப்பூர்க்காரர்கள் வேறு மாதிரி. அங்கே வரிசை கிடையாது, ஏலம். கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டையே 1990 முதல் பத்து வருஷத் தவணைக்கு ஏலம் விடுகிறார்கள். 2023-ல் சின்னக் காருக்குரிய சீட்டே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிவிட்டது. அங்கே பணம் இல்லாதவன் காத்திருப்பதுகூட இல்லை; பஸ்ஸில் போகிறான். நல்ல பஸ் ஓடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்றைய வரிசையையும் அன்றைய வரிசையையும் ஒன்றாகச் சொன்னால் பாவம். 2021-ல் உலகமெங்கும் நகத்தளவு சில்லுகள் கிடைக்காமல் கார்கள் பாதியில் நின்றன. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் வாங்குகிறவர்கள் பெருகினார்கள். இந்த வண்டி வேண்டாமென்றால் இன்னொன்று நாளைக்கே கிடைக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு 108-க்குச் சொன்னால் ஆம்புலன்ஸ் வருகிறது. டாக்டரின் கார் ஓடுமா ஓடாதா என்று ஒரு பெண்ணின் உயிர் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் மகன், "சர்க்கார் செய்தது தப்பு என்கிறீர்களா?" என்றான். இரும்பாலைக்கு முதலில் கொடுத்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு பொருளுக்கு 'பிளஷர்' என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயரையே நம்பிவிட்டார்கள். யாருக்கு அது இன்பம், யாருக்கு அது அவசரம் என்று வரிசையில் பார்த்துக் கேட்க ஆள் இல்லை. கேட்கத் தெரியாத வரிசை எதுவும் கடைசியில் கடுதாசிக்குத்தான் வழிவிடும். வரிசையின் முதல் தீமை காக்க வைப்பது அல்ல. மாமாவைப் போன்ற ஒரு மனிதரையும் ஒருநாள் காலையில் காப்பி குடிக்காமல் பெரிய வீட்டுக்கு நடக்க வைத்துவிடுகிறதே, அதுதான்.

மாமா அந்த வண்டியைக் கடைசியில் மேஸ்திரிக்குக் கொடுத்தார். புதிதாக என்ன விலை கொடுத்தாரோ, அதே விலை. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊரில் அதற்கு அப்போது எவ்வளவு பெறும் என்று மேஸ்திரிக்குத் தெரியாதா? நோட்டுக்களை எண்ணி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஏனுங் டாக்டருங்களே, இப்படிக் குடுக்கறீங்க?"

"அதுக்கு அவ்வளவுதான் வெலை மேஸ்திரி" என்றார் மாமா. "மிச்சத்தை நான் ஏற்கெனவே வேற எடத்துல கட்டியாச்சு."

கடைக்குப் போன் செய்து, நான்கு மாதம் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.